கடை ஓரிடம், கடிதம் ஓரிடம்

“லைன்லதான் இருக்கேன். நீங்க பாத்துட்டு மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டு, அவள் கைபேசியை மேசை மேலிருந்த ஓர் ஒற்றைக் காலணிக்குள் நிற்க வைத்தாள். காத்திருக்கச் சொல்கிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் அந்த இழவெடுத்த இசை, தோலில் பட்டு, ஒலிபெருக்கி வைத்ததுபோல அறை முழுக்கக் கேட்டது. அதுதான் அவளுக்கு வேண்டியது. கை இரண்டும் காலியாகிவிடும். பார்சலுக்கு விலாசம் ஒட்டலாம், காலணிக்குக் கயிறு கோக்கலாம், தேநீரை ஆற்றிக் குடிக்கலாம். இசை நின்று மனிதக் குரல் வந்ததும் காலணியோடு தூக்கி வாயருகே வைத்து, “ஆங், சொல்லுங்க தம்பி” என்பாள். முதல் தடவை வருகிறவர்கள், செருப்போடு பேசுகிற அம்மாளைப் பார்த்து வாசலிலேயே தயங்கி நிற்பதுண்டு.

ஐம்பதைத் தாண்டியவள். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலையில்தான் இருக்கும். அதைத் தேடிக்கொண்டே இருப்பாள். ஒரு வேலையைத் தொட்டால் விடமாட்டாள் என்பதால் அக்கா சிறு வயதிலேயே அவளுக்கு வைத்த பெயர் உடும்பு. கடைவாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்ட அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் அங்கிருந்த எழுத்தர் இவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, “நீங்க உக்காருங்கம்மா, நானே போய்க் கையெழுத்து வாங்கிட்டு வர்றேன்” என்று எழுந்து ஓடினாராம். சண்டை போட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. இருந்தாள், அவ்வளவுதான். இருப்பதுதான் அவள் ஆயுதம்.

கடை என்பது இரண்டே அறை. பின்னறை அக்காவுடையது: அரைக்கும் இயந்திரம், பசை நெடி, சுவர் நெடுகத் தொங்கும் கால் அச்சுகள். முன்னறை தங்கையுடையது: மேசை, கணினி, எடைத் தராசு, அட்டைப்பெட்டிகள். சாதாரணக் கடைகளில் ஜோடி கிடைக்காத கால்களுக்கு இங்கே காலணி செய்வார்கள். ஒன்று நீளம் ஒன்று குட்டையான கால்கள், விரல் போன கால்கள், சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த கால்கள். “பேசற கால்னா எனக்குப் பயமில்ல. கடிச்சா கத்தும், நாம சரி பண்ணிக்கலாம். பேசாத காலுக்குத்தான் கை நடுங்கும்” என்பாள் அக்கா.

பேசாத கால்களுக்காகப் பேசுவது மின்னஞ்சல்தான். மகனோ மகளோ எங்கோ இருந்துகொண்டு, பெற்றவரின் பாதத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். காலையில் கணினியைத் திறந்தால் பாதங்களாக வந்து நிற்கும். தங்கை ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் பின்னறைக்கு ஓடுவாள். பதில் எழுதும்போது முதல் வரி எப்போதும் “கால் எப்படி இருக்கு?” என்பதாகவே இருக்கும். மற்ற விவரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படி வந்துகொண்டிருந்த அஞ்சல், புது இணையதளம் திறந்த வாரத்தோடு நின்றுபோனது.

இணையதளம் மாப்பிள்ளையின் அன்பளிப்பு. அக்கா மகளைக் கட்டியவர். நல்ல மனிதர், கைராசிக்காரர். வீட்டில் எது பழுதானாலும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிடுவார். பழைய தளம் பார்க்க அழுது வடிகிறது என்று அவரே வேறொரு நிறுவனத்தில் இடம் பிடித்து, படங்களெல்லாம் போட்டு, மாமியாரின் பிறந்தநாளன்று திறந்து காட்டினார். அக்கா தன் கையால் செய்த காலணி திரையில் மெல்லச் சுழல்வதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கையும்தான் கைதட்டினாள்.

பிறகு வந்த நாட்களில் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு அடிக்கடி முன்னறைக்கு எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

“ஏதாவது வந்துச்சா?”

“இல்லக்கா.”

“யாருக்கு வேணும் இதெல்லாம். இப்பதான் மெஷின்லயே செஞ்சு குடுக்கறாங்களாமே. நம்ம காலம் முடிஞ்சுது போல.”

அக்கா அதை அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் தங்கையை உறுத்தியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பின்னறையில் இயந்திரம் ஓடும் நேரம் நாளுக்கு நாள் குறைந்தது.

தங்கையால் அதை நம்ப முடியவில்லை. வேலை குறையலாம், சரி. ஆனால் ஒருவர்கூடவா குறை சொல்லி எழுதமாட்டார்? “யோசிச்சுப் பாருக்கா. சண்டை போடறதுக்குக்கூட ஒரு ஆள் வரல. லாட்டரி விழுந்துருக்குன்னு பொய் சொல்றவன்கூட வரல. அவனுக்குமா நம்ம மேல வெறுப்பு?” என்றாள். தன் சொந்தக் கைபேசியிலிருந்து கடை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்: ‘சோதனை. வந்தால் சொல்.’ அனுப்பியாயிற்று என்று கைபேசி சொன்னது. கணினி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மதியமே தொலைபேசி வந்தது. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள். அவருக்கு மரத்துப்போன கால்கள். சில வாரங்களுக்கு முன்புதான் புதுக் காலணி போயிருந்தது.

“நீங்க ஆபீஸ்ல இருக்கீங்களா, இல்ல கடையச் சாத்திட்டீங்களா?” என்று எடுத்த எடுப்பிலேயே வெடித்தாள் மகள். “மெயிலுக்கு மேல மெயில் போடறேன். போட்டோ அனுப்பினேன். அப்பாவுக்குச் சுண்டுவிரல் பக்கம் செவந்துருக்கு, ஷூவைப் போடலாமா வேண்டாமான்னு கேட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லல. நீங்க ஒண்ணும் சொல்லலைனா பரவாயில்லன்னுதான் அர்த்தம்னு அவரு பாட்டுக்குப் போட்டுட்டு நடக்கறாரு.”

 ‘எனக்கு வரவே இல்லையே’ என்பது தங்கையின் வாய்வரை வந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? “அம்மா, இப்பவே கழட்டச் சொல்லுங்க. இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டுங்க. தப்பு எங்க மேலதான். நாளைக்குக் காலையில நானே கூப்பிடறேன்” என்றாள்.

கைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலியான அஞ்சல் பெட்டி. இந்த ஓட்டுநரின் மகளுக்குக் கோபம் வந்தது, கூப்பிட்டாள். கோபம் வராத மகள்கள் எத்தனை பேர்? பதில் இல்லையென்றால் பரவாயில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு எத்தனை கால்கள் எங்கெங்கே நடந்துகொண்டிருக்கின்றன?

அன்றுதான் உடும்பு பிடித்தது.

முதலில் மின்னஞ்சல் நிறுவனம். கைபேசி காலணிக்குள் போயிற்று, இசை ஒலித்தது, இசை நின்றது. “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க. உங்களுக்கு வர்ற மெயில் எங்ககிட்ட வந்தாத்தானே உங்க பெட்டியில போட முடியும்? வரவே இல்லீங்க” என்றான் அங்கிருந்த பையன். அடுத்து இணையதளத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம். “சைட் ஜம்முனு ஓடுதே மேடம்.” ஓடத்தான் செய்தது, அதில் காலணி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆளாளுக்குச் சொன்னது பொய்யில்லை. பல பேர் சேர்ந்து தூக்கிய பல்லக்கு எங்கே விழுந்தது என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது, இணையத்தில் கடையின் பெயரையே பதிந்து கொடுத்த டொமைன் நிறுவனம். அங்கே எடுத்தது ஒரு பெண். அவள் அவசரப்படவில்லை.

“அம்மா, உங்க பேரைக் கேட்டு யார் வந்தாலும் நேம்சர்வர்தான் வழி சொல்லும். சைட் பாக்க வந்தவங்களுக்கு ஒரு வழி, மெயில் கொண்டு வந்தவங்களுக்கு ஒரு வழி. ரெண்டும் ஒரே எடமா இருக்கணும்னு அவசியமே இல்ல. முன்ன ரெண்டு வழியும் எங்ககிட்ட எழுதியிருந்தது. இப்ப வழி சொல்ற வேலையையே வெப்சைட் கம்பெனிக்கு மாத்திவிட்டிருக்கீங்க.”

“நான் மாத்தலையே.”

“யாரோ மாத்தியிருக்காங்க. அவங்க சைட்டுக்குச் சரியா வழி எழுதிட்டாங்க. மெயிலுக்கும் அவங்க வாசலையே எழுதிட்டாங்க. உங்களுக்குத் தனியா ஒரு மெயில் கம்பெனி இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதே.”

“அப்ப கடுதாசியெல்லாம் வெப்சைட்டுங்கற கடைக்குப் போகுது. பெட்டி வேற எடத்துல இருக்கு.”

“அதேதான். எம்எக்ஸ்னு ஒரு ரெக்கார்டு இருக்கும். அதுல மட்டும் மெயில் கம்பெனி விலாசத்தை மாத்துங்க. ஏ ரெக்கார்டுன்னு ஒண்ணு இருக்கும், அது சைட்டோடது. அதைத் தொட்டுடாதீங்க. ஆனா மாத்தறதுக்கு வெப்சைட் கம்பெனியோட பாஸ்வேர்டு வேணும். யார்கிட்ட இருக்கு?”

யாரிடம் இருக்கும்? தங்கை கண்ணாடியைத் தலையில் தள்ளிவிட்டுப் பின்னறைப் பக்கம் பார்த்தாள். அக்கா கதவருகிலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

“மாப்பிள்ளைகிட்டக் கேக்காத” என்றாள் அக்கா.

“கேக்காம எப்படிக்கா?”

“ஆசையா செஞ்சு குடுத்தாரு. நீங்கதான் கெடுத்தீங்கன்னு போய் நிப்பியா? பொண்ணு அங்க வாழுதுடி.”

“கெடுத்தீங்கன்னு யாரு சொல்லப் போறா? சாவிதான் கேக்கப் போறேன்.”

“சாவி கேட்டாலே புரிஞ்சுடும்.”

“புரிஞ்சா புரியட்டும். அந்த டிரைவரோட காலுக்கு மாப்பிள்ளைன்னா யாருன்னு தெரியாது.”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். தங்கை மாப்பிள்ளையை அழைத்தாள். அவருடைய வேலை, உடம்பு, குழந்தையின் சளி என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, “மாப்ள, வெப்சைட் கம்பெனியோட பாஸ்வேர்டு ஒண்ணு வேணுமே. மெயிலுக்கு ஏதோ ஒரு வரி சேக்கணுமாம்” என்றாள்.  மாப்பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது.

“சின்னத்தை… மெயில் வரலையா?”

“கொஞ்சம் தடங்கலா இருக்கு.”

“ஐயோ. நான்தான். சைட் வரணும்னா நேம்சர்வரை மாத்துங்கன்னு அவங்க சொன்னாங்க, மாத்தினேன். மெயிலும் அது பின்னாலயே போகும்னு எனக்குத் தோணவே இல்ல. ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணிடறேன்.”

“ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட வாங்க. இதை நான் இன்னைக்கே பண்ணணும். நீங்க வழி மட்டும் சொல்லுங்க.”

அவர் சொன்னார். இவள் உள்ளே நுழைந்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எழுத்தும் எண்ணும் புள்ளியும். டொமைன் நிறுவனத்துப் பெண் சொன்ன அந்த எம்எக்ஸ் வரி, சொன்னபடியே, கடிதங்களை இணையதள நிறுவனத்தின் வாசலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அழிக்கலாமா என்று கணினி கேட்டது. அவள் மவுஸிலிருந்து விரலை எடுத்தாள். நகராட்சியில் உட்கார்ந்திருப்பது வேறு. இது அழித்தால் திரும்பாது. முதுகுக்குப் பின்னால் பசை வாசனை வந்தது. எப்போது வந்தாளோ, அக்கா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“பண்ணுடி” என்றாள் அக்கா.

பண்ணினாள். மின்னஞ்சல் நிறுவனத்தின் விலாசத்தை எழுத்துக் கூட்டி எழுதினாள். பக்கத்திலிருந்த கட்டத்தில் கடையின் முழுப் பெயரையும் போட்டாள். ஊரெல்லாம் பரவச் சில மணி நேரம் பிடிக்கும் என்றார்கள், பொறுத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை சொன்னபடி ஓட்டுநரின் மகளைக் கூப்பிட்டாள். புண் ஆகிவிட்டது, மருந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அடியெடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மகளின் குரலில் நேற்றைய கோபம் இல்லை. அழுத குரல். அதைக் கேட்பது கோபத்தைக் கேட்பதைவிடக் கடினமாக இருந்தது.

திரும்பவும் காலணி, இசை, மின்னஞ்சல் நிறுவனம். அந்தப் பையன் இவளை இப்போது குரலிலேயே அடையாளம் கண்டுகொண்டான். “பேர் ரெண்டு தடவை வந்துருக்குங்க. அந்தக் கட்டத்துல நீங்க பேர் போடவே வேண்டாம், அதுவா சேத்துக்கும்” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரை இரண்டு முறை அச்சடித்துவிட்டு, ஒருவரும் வரவில்லையே என்று மண்டப வாசலில் நின்ற கதையாகிவிட்டது. கட்டத்தைக் காலியாக்கினாள். கூடவே, கடையின் பெயரில் கடிதம் அனுப்ப இந்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று சொல்லும் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொன்னான் அவன். இல்லாவிட்டால் இவள் எழுதும் பதிலெல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போய்விடுமாம். அதையும் சேர்த்தாள்.

சாயங்காலம் அவள் மறுபடி அனுப்பிப் பார்த்ததும் கணினி ‘டிங்’ என்றது. ‘சோதனை. வந்தால் சொல்.’

“வந்துடுச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில் பின்னறையில் சுத்தியல் கீழே விழுந்தது. பின்னாலேயே லாட்டரிக்காரனும் வந்தான். அவனை அவ்வளவு அன்போடு யாரும் வரவேற்றிருக்க மாட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு கணினியை மூடியிருப்பார்கள். அக்காவும் அதைத்தான் சொன்னாள்: “வந்துடுச்சில்ல, விடு.” ஆனால் இவளுக்கு இரண்டு கேள்வி மிச்சமிருந்தது. முதலாவது, இணையதளத்திலேயே ‘எங்களுக்கு எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது வேலை செய்கிறதா? அதில் எழுதிப் பார்த்தாள். வரவில்லை. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இணையதள நிறுவனத்துக்காரன் நெடுநேரம் தேடிவிட்டு வந்தான். “மேடம், வெளியில இருந்து வர்ற மெயில் புது வழியில போகுது. ஆனா சைட்டுக்குள்ள இருந்தே எழுதினா, மெயில் பெட்டியும் இங்கதானே இருக்குன்னு எங்க சர்வர் நெனச்சுட்டு இங்கயே போட்டுக்குது. பெட்டி வெளியில இருக்குன்னு அதுக்குச் சொல்லணும். ஒரு செட்டிங்தான்.” மாற்றினான். வந்தது.

“தம்பி, இருங்க. வெச்சுடாதீங்க” என்றாள் அவள். இரண்டாவது கேள்வி அதுதான். “இங்கயே போட்டுக்குதுன்னு சொன்னீங்களே. எங்க போட்டுக்குது?”

“ஆள் பேர் தெரியாம வர்றதெல்லாம் ஒரு பொதுப்பெட்டியில விழும் மேடம். பொதுவா அதை யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க.”

“தொறங்க.”

எல்லாம் இருந்தன. இணையதளம் திறந்த நாளிலிருந்து வந்த அத்தனை கடிதமும், ஒன்றன்மேல் ஒன்றாக, படிக்கப்படாமல். சிவந்த விரல்கள், வீங்கிய கணுக்கால்கள், தரையில் வைத்துப் படமெடுத்த பழைய காலணிகள். ஓட்டுநரின் மகள் எழுதியவை வரிசையாக இருந்தன. முதலாவதில் ‘அன்புள்ள’ என்று இருந்தது, கடைசியில் அது இல்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை வாய்விட்டுப் படித்தாள். ஒருவர் தன் மகளுக்கு அளவெடுக்க வரலாமா என்று கேட்டிருந்தார். ஓர் ஆசிரியை, வகுப்பறையில் நாள் முழுக்க நிற்க முடிகிறது என்று எழுதியிருந்தார். ஒருவர் பதில் வராததால் வேறிடம் போய்விட்டதாக, கோபமில்லாமல், வாழ்த்துச் சொல்லி முடித்திருந்தார். 

“யாரும் நம்மள மறந்துடலடி” என்றாள் அக்கா கடைசியில். “எல்லாரும் எழுதிட்டுத்தான் இருந்துருக்காங்க.”

அந்த வாரம் தங்கை ஒவ்வொருவரையும் தொலைபேசியிலேயே கூப்பிட்டாள். மின்னஞ்சலை நம்பாமல் அல்ல, குரலில்தான் மன்னிப்பு நிற்கும் என்பது அவள் எண்ணம். “கால் எப்படி இருக்கு?” என்று தொடங்கி, “தப்பு எங்க மேலதான்” என்று முடித்தாள். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டாள். பின்னறையில் இயந்திரம் காலை முதல் மாலை வரை ஓடத் தொடங்கியது.

ஓட்டுநர் புண் ஆறியபின் மகளோடு நேரிலேயே வந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்கள் என்று மருத்துவர் சொன்னாராம். அக்கா பழைய காலணியைப் பிரித்து, உள்ளே துருத்திக்கொண்டிருந்த தையலை அவருக்கே காட்டினாள். தன் தவறு என்றாள். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “நான் ஓட்டுன வண்டியெல்லாம் பிரேக் புடிக்கலைனா சத்தம் போடும். இந்தக் கால் ஒண்ணுதான் ஊமையா வந்து சேந்துருக்கு” என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது தங்கையின் கையைப் பிடித்து, “அன்னைக்கு ரொம்பக் கத்திட்டேன்” என்றாள். “கத்துனதாலதான் எனக்குக் கேட்டுச்சு” என்றாள் இவள்.

மாப்பிள்ளை அந்த வார ஞாயிற்றுக்கிழமையே சாப்பிட வந்திருந்தார். ஒருவரும் மெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்டார். அக்கா பதறிப்போய் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

ஆனால் அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சில மாதங்கள் கழித்து ஒரு நாள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே கடைக்குள் வந்தார். “சின்னத்தை, இப்ப புதுசா ஒரு கம்பெனி வந்துருக்கு. சைட் இன்னும் வேகமா வரும். அங்க மாத்திடலாமா? சின்ன வேலைதான், உக்காந்த எடத்துல முடிச்சுடலாம்.”

“மாப்பிள்ளைக்கு முதல்ல டீயைக் குடு” என்று பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

தங்கை எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்கு இடப்பக்கம் போட்டாள். அதிலிருந்த தோல் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். “உக்காருங்க மாப்ள” என்றாள். அவருக்கு நன்றாகத் தெரியும்படி திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு மவுஸை எடுத்து மேசையின் மறுபக்கம், தன் வலப்புறம் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டாள்.